தேசாதிபதி ரொபட் பிரவுண்றிக்கும் கண்டி இராச்சியமும் (1812 - 1820)



கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சி பற்றிய வினாவுக்கு விடை எழுதும் மாணவர்களுள் பலர், "1815 இல் பிரவுண்றிக் படையெடுத்துக் கண்டியைக் கைப்பற்றினார்" என்ற ஒரு வசனத்தோடு பேனாவைக் கீழே வைத்துவிடுகின்றனர். அந்த வசனம் பிழையன்று. ஆனால் "ஏன்?", "எவ்வாறு?" என்று தொடங்கும் வினாக்களுக்கு அது விடையாகாது. 1803 இலும் பிரித்தானியர் படையெடுத்தனர். அப்போதும் கண்டி நகருக்குள் நுழைந்தனர். நான்கு மாதங்களில் ஒரு படையையே இழந்தனர். 1815 இல் மட்டும் நிலைமை மாறியது ஏன்? மாறிய நிலைமை 1817 இல் மீண்டும் குழம்பியது ஏன்? இவ்விரு வினாக்களையும் மனதில் வைத்துக்கொண்டு பிரவுண்றிக் என்னும் படைத்தளபதியின் வாழ்க்கையை இப்பாடத்தில் நோக்குவோம்.

இலங்கைக்கு வருமுன்

ரொபட் பிரவுண்றிக் அயர்லாந்தின் விக்லோ பிரதேசத்தைச் சேர்ந்தவர். 1775 இல் 14 ஆம் காலாட்படைப் பிரிவில் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். அமெரிக்கக் குடியேற்றங்களின் சுதந்திரப் போர் நடைபெற்ற காலம் அது. பின்னர் மேற்கிந்தியத் தீவுகளிலும் பணியாற்றினார். 1795 இல் பிரித்தானியப் படைகளின் தலைவராக இருந்த யோர்க் கோமகனின் இராணுவச் செயலாளரானார். 1799 இல் கோமகனுடன் ஒல்லாந்துப் படையெடுப்பிற்குச் சென்றார். 1803 இல் குவாட்டர் மாஸ்டர் ஜெனரல் என்னும் உயர் பதவி அவருக்குக் கிடைத்தது.

இப்பதவியின் பெயரை வெறுமனே மனனம் செய்யாது, அதன் வேலை என்ன என்று விளங்கிக் கொள்ளுங்கள். படை எந்தப் பாதையால் செல்ல வேண்டும், எங்கே தங்க வேண்டும், எத்தனை நாளில் எந்த இடத்தை அடைய வேண்டும் என்பவற்றைத் திட்டமிடுவதே குவாட்டர் மாஸ்டர் ஜெனரலின் கடமை. வாளேந்தி முன்னே பாய்பவரின் வேலையன்று. வரைபடத்தையும் கணக்கையும் வைத்துக்கொண்டு மேசையில் இருப்பவரின் வேலை. பிரவுண்றிக்கின் இராணுவ வாழ்வின் முக்கியமான ஆண்டுகள் இத்தகைய பணியிலேயே கழிந்தன.

இங்கே இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 1809 இல் பிரித்தானியா ஏறத்தாழ 40,000 வீரர்களை வல்கெரன் என்னும் ஒல்லாந்துத் தீவுக்கு அனுப்பியது. பிரவுண்றிக்கும் அதில் பங்குபற்றினார். சதுப்பு நிலமான அத்தீவில் காய்ச்சல் பரவியது. ஏறத்தாழ 4,000 பேர் நோயினால் இறந்தனர். போரில் இறந்தவர்களோ அதில் ஒரு சிறு பங்கினரே. எதிரி அதிகம் சுடாமலே ஒரு பெரும்படை அழியக்கூடும் என்பதைக் கண்ணாற் கண்ட ஒருவர் 1812 மார்ச்சில் இலங்கையின் தேசாதிபதியாக வந்திறங்கினார். இலங்கையின் மலைநாட்டுப் போரை விளங்கிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான முன்னனுபவம் வேறில்லை எனலாம்.

1803 இன் பாடம்

கண்டியரின் போர்முறை எளிமையானது, ஆனால் பயன்மிக்கது. பகைவர் பெரும் படையுடன் வந்தால் நேருக்கு நேர் நின்று பொருதுவதில்லை. மன்னர் நகரை விட்டு அகன்றுவிடுவார். மக்கள் காட்டுக்குள் சென்றுவிடுவர். பகைவருக்கு வெறும் நகரே கிடைக்கும். பின்னர் மழை வரும்; காய்ச்சல் வரும்; உணவு கொண்டுவரும் பாதைகள் மறிக்கப்படும். 1765 இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் கண்டி நகரைப் பிடித்தும் அதை வைத்திருக்க முடியாமற் போனது இதனாலேயே.

1803 இல் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் இதே பொறிக்குள் விழுந்தார். ஜெனரல் மக்டவல் கொழும்பிலிருந்தும், கேணல் பார்பட் திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டனர். பெப்ரவரி மாதத்தில் இரு படைகளும் கண்டியை அடைந்தன. நகர் வெறுமையாகக் கிடந்தது. பிரித்தானியர் முத்துசாமி என்னும் நாயக்க இளவரசரை அரியணையில் ஏற்றினர். ஆனால் அவரை மன்னராக ஏற்க மக்கள் முன்வரவில்லை. நோய் பரவ, ஏப்ரலில் மக்டவல் பெரும்பகுதிப் படையுடன் கொழும்புக்குத் திரும்பினார். எஞ்சிய சிறு படை மேஜர் டேவியின் பொறுப்பில் விடப்பட்டது. ஜூன் 24 ஆம் திகதி கண்டியர் தாக்கினர். டேவி சரணடைந்து நகரைவிட்டு வெளியேறினார். பெருகியோடிய மகாவலி கங்கையைக் கடக்க முடியாது கரையில் நின்றபோது முத்துசாமி கண்டியரிடம் கையளிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் ஆயுதங்களை ஒப்படைத்த வீரர்களும் கொல்லப்பட்டனர். நகரில் விடப்பட்டிருந்த நோயாளிகளுக்கும் அதே கதிதான். டேவி சிறைப்பட்டுக் கண்டியிலேயே இறந்தார். (அதே 1803 இல்தான் வன்னியில் பண்டார வன்னியனின் எழுச்சியும் நடைபெற்றது. கண்டியில் ஏற்பட்ட தோல்வி கரையோரத்திலும் பிரித்தானியரின் கையைப் பலவீனப்படுத்தியது என்பதைத் தொடர்புபடுத்தி எழுதினால் விடை சிறக்கும்.)

1804 இல் நடந்தது இன்னும் வேடிக்கையானது. பல திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் படைகளை அனுப்பும் திட்டம் ஒன்று இருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. ஆனால் மட்டக்களப்பிலிருந்து சென்ற கப்டன் ஜோன்ஸ்ரனுக்குக் கட்டளை தெளிவாக விளங்கவில்லை. அவர் ஏறத்தாழ 300 பேருடன் தனியே கண்டி நகர்வரை சென்று, ஏனைய படைகள் வராததைக் கண்டு, வழியெல்லாம் அடிபட்டுத் திருகோணமலைக்கு மீண்டார். வீரச்செயல்தான். ஆயினும் திட்டமிடுபவரின் கண்ணுக்கு அது ஒரு கடிதம் சரியாக எழுதப்படாததன் விளைவு.

ஆகவே இப்பாடத்தின் மையக் கருத்தை இங்கே அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்: கண்டிக்குள் நுழைவது கடினமன்று, அங்கே தங்கியிருப்பதே கடினம்.

போருக்கு முந்திய போர்

பிரவுண்றிக் வந்த உடனே போர் தொடுக்கவில்லை. அவருக்கு முன்பிருந்த தேசாதிபதி மெயிற்லண்டின் காலம் முதலே ஜோன் டொயிலி என்னும் அதிகாரி ஒரு முக்கியமான வேலையைச் செய்து வந்தார். 1801 இல் இலங்கைக்கு வந்த டொயிலி, மாத்தறையில் கரத்தொட்ட தம்மாராம தேரரிடம் சிங்களம் கற்றார். 1805 இல் பிரதான மொழிபெயர்ப்பாளரானார். பிக்குகள், வணிகர், எல்லைக் கிராமவாசிகள் எனப் பலர் மூலமாகக் கண்டி அரசவையின் செய்திகள் அவருக்கு வந்து சேர்ந்தன. பிரதானிகளுக்கு இரகசியமாக ஓலைகளும் பரிசுகளும் சென்றன. அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் வரலாற்று மாணவர்களுக்கு மூலாதாரமாக உள்ளது.

அதேவேளை கண்டியில் மன்னருக்கும் பிரதானிகளுக்கும் இடையிலான பிளவு விரிந்துகொண்டிருந்தது. ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1798 இல் மகாஅதிகாரம் பிலிமத்தலாவவின் துணையுடன் அரியணை ஏறியவர். கண்ணுசாமி என்பது அவரது இயற்பெயர். தன்னைப் பொம்மையாக வைத்திருக்க விரும்பிய பிலிமத்தலாவவுடன் அவர் முரண்பட்டார். இறுதியில் பிலிமத்தலாவ மரண தண்டனைக்கு உள்ளானார். அடுத்து மகாஅதிகாரமான எகலப்பொலவும் 1814 இல் சப்பிரகமுவையில் கிளர்ச்சி செய்து தோற்று, கொழும்புக்குத் தப்பியோடினார். கண்டியில் இருந்த அவரது மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். இச்செயல் மன்னர் மீது எஞ்சியிருந்த அனுதாபத்தையும் கரைத்தது.

எகலப்பொலவின் வருகையே பிரவுண்றிக்குக் கிடைத்த பெரும் ஆயுதம். பீரங்கிகள் 1803 இலும் இருந்தன. பாதைகளையும், பிரதானிகளின் மனநிலையையும், எந்தக் கிராமம் யார் பக்கம் நிற்கும் என்பதையும் அறிந்த ஒருவர் 1803 இல் இருக்கவில்லை.

1814 இன் இறுதியில் கரையோரத்தைச் சேர்ந்த வணிகர் பத்துப் பேர் ஒற்றர் எனக் கருதப்பட்டு அங்கங்கள் வெட்டப்பட்டனர். உயிர் தப்பியோர் அந்தக் கோலத்திலேயே கொழும்பை அடைந்தனர். அதைத் தொடர்ந்து கண்டி வீரர்கள் சீதாவாக்கைப் பகுதியில் எல்லை கடந்தனர் என்ற செய்தி வந்தது. 1815 ஜனவரி 10 ஆம் திகதி பிரவுண்றிக் போர்ப் பிரகடனம் செய்தார். பிரகடனம் மன்னருக்கு எதிரானதேயன்றி மக்களுக்கு எதிரானதன்று என வலியுறுத்தப்பட்டது. வணிகர் சம்பவத்தை உடனடிக் காரணம் என எழுதுங்கள். அதையே ஒரே காரணமாக எழுதிவிடாதீர்கள். ஆயத்தம் அதற்கு வெகுகாலம் முன்பே முடிந்திருந்தது.

நாற்பது நாட்கள்

எட்டுப் படைப்பிரிவுகள் புறப்பட்டன. கொழும்பு, நீர்கொழும்பு, காலி, அம்பாந்தோட்டை, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய இடங்களை உங்கள் இலங்கைப் புறவரிப் படத்தில் குறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் கண்டியை நோக்கி ஓர் அம்புக்குறி வரைந்து பாருங்கள். ஓரிரு படைகளாயின் மன்னர் மறுபுறம் விலகிச் செல்லலாம். எல்லாத் திசைகளும் மூடப்படும்போது எங்கே செல்வது? 1804 இல் குழம்பிய அதே திட்டத்தைத்தான் பிரவுண்றிக் திகதி பிசகாது நிறைவேற்றினார். குவாட்டர் மாஸ்டர் ஜெனரலாக இருந்தவரின் கைவண்ணம் இப்படத்திலேயே தெரிகின்றது.

மன்னரின் படைக்குத் தலைமை தாங்கிய மகாஅதிகாரம் மொல்லிகொட ஏற்கெனவே பிரித்தானியருடன் இரகசியத் தொடர்பில் இருந்தார். தனது குடும்பத்தினர் மன்னரின் பிடிக்கு எட்டாத இடத்தை அடைந்ததும் பிரித்தானியர் பக்கம் சேர்ந்தார். (எகலப்பொலவின் குடும்பத்துக்கு நேர்ந்ததை அவர் மறந்திருக்க மாட்டார்.) பெரும் போர் எதுவுமின்றிப் பெப்ரவரி 14 ஆம் திகதி கண்டி நகர் பிரித்தானியர் வசமாயிற்று. நகர் இம்முறையும் வெறுமையாகவே கிடந்தது. மன்னர் மலைப்புறமாக விலகியிருந்தார். இதுவரை 1803 ஐப் போன்றதே.

வேறுபாடு நான்கு நாட்களின் பின் ஏற்பட்டது. பெப்ரவரி 18 ஆம் திகதி மெதமகாநுவரப் பகுதியில் மறைந்திருந்த மன்னர், எகலப்பொலவைச் சேர்ந்த எக்னெலிகொடவின் ஆட்களால் பிடிக்கப்பட்டார். பிடித்தவர்கள் பிரித்தானிய வீரர்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள். மன்னரை மறைத்து வைக்கும் மக்கள் இருந்தவரை கண்டியரின் பழைய போர்முறை பலித்தது. அந்த ஆதரவு அற்றுப்போன நாளில் காடும் மலையும் அவரைக் காக்கவில்லை.

மன்னரும் உறவினரும் கொழும்புக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1816 ஜனவரியில் கப்பலேற்றப்பட்டனர். வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்ட மன்னர் 1832 இல் அங்கேயே காலமானார்.

கையொப்பமிடப்பட்ட தாள்

1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டி மகுல் மடுவவில் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. அதில் 12 உறுப்புரைகள் இருந்தன. அனைத்தையும் மனனம் செய்ய வேண்டியதில்லை. பின்வருவனவற்றின் கருத்தை விளங்கிக்கொண்டால் போதும்.

தொடக்க உறுப்புரைகள் "மலபார்" மன்னரின் கொடுமைகளைக் கூறி அவரைப் பதவி நீக்கின. மலபார் என்பது அக்காலத்தில் ஐரோப்பியர் தமிழரையும் நாயக்கரையும் குறிக்கப் பயன்படுத்திய சொல். மூன்றாவது உறுப்புரை மன்னரின் ஆண் உறவினர்கள் கண்டி நாட்டுக்குள் வருவதைத் தடைசெய்தது. இதனை நினைவில் வைத்திருங்கள். 1817 இல் மீண்டும் தேவைப்படும். நான்காவது உறுப்புரையால் ஆட்சியுரிமை பிரித்தானிய முடிக்கு உரியதாயிற்று. ஆயினும் அதிகாரங்கள், திசாவைகள் முதலிய பிரதானிகளின் உரிமைகள் காக்கப்படும் எனவும் அதிலேயே கூறப்பட்டது. ஐந்தாவது உறுப்புரை பௌத்த சமயத்தையும் அதன் சடங்குகளையும் பிக்குகளையும் வணக்கத்தலங்களையும் பேணிப் பாதுகாக்க வாக்களித்தது. எட்டாவது, நீதி பரிபாலனம் வழமையான முறைப்படி நடைபெறும் என்றது.

பிரதானிகள் கையொப்பமிட்டனர். அக்கையொப்பங்கள் சிலவற்றில் தமிழ் எழுத்துகள் காணப்படுகின்றன. நாயக்கர் கால அரசவையின் தாக்கத்துக்கு அது ஒரு சான்று. கையொப்பமிட்டோருள் மொனரவில கெப்பட்டிப்பொலவும் ஒருவர்.

இரு தரப்பாரும் ஒரே தாளில் இருவேறு பொருளை வாசித்தனர் என்பதே இங்கு நீங்கள் எழுத வேண்டிய கருத்து. பிரதானிகளைப் பொறுத்தவரை, விரும்பாத மன்னர் ஒருவர் போய், தூரத்தில் இருக்கும் மன்னர் ஒருவர் வந்தார். நாட்டை முன்போலவே தாமே நடத்துவோம் என எண்ணினர். எகலப்பொல தானே மன்னராகலாம் என்றும் எதிர்பார்த்திருந்தார். அவருக்குக் கிடைத்ததோ "பிரித்தானிய அரசின் நண்பன்" என்ற கௌரவம் மட்டுமே. பிரவுண்றிக்கைப் பொறுத்தவரை ஆட்சியுரிமை முழுமையாகக் கைமாறிவிட்டது. 1816 இல் அவருக்குப் பரனெற் பட்டம் வழங்கப்பட்டது. கண்டியின் முடியும் செங்கோலும் கொடியும் அவரது குடும்பச் சின்னத்தில் இடம்பெற்றன.

மீண்டும் பழைய போர்முறை: 1817 - 1818

இரண்டரை ஆண்டுகளுக்குள் ஊவா, வெல்லசப் பகுதிகளில் கிளர்ச்சி வெடித்தது. காரணங்கள் பல. பிரதானிகள் தமக்குரிய மதிப்பு குறைவதை நாளாந்தம் உணர்ந்தனர். முன்பு அவர்கள் மன்னருக்கு மாத்திரமே பணிந்தவர்கள். இப்போது சாதாரண வெள்ளைச் சிப்பாயும் அவர்களைப் பொருட்படுத்தாது நடந்தான். மக்களுக்கோ முறையிடுவதற்குக் கண்முன்னே ஒரு மன்னர் இல்லை. தேசாதிபதி கொழும்பில், அரசர் கடலுக்கப்பால். வெல்லசவில் முஸ்லிம் மக்களை உள்ளூர்ப் பிரதானியின் அதிகாரத்திலிருந்து பிரித்து, ஹாஜி மரிக்கார் என்பவரை அவர்களுக்குப் பொறுப்பாக நியமித்தமை உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

கிளர்ச்சிக்காரர் முன்னிறுத்திய மன்னர் யார்? வில்பாவே என்னும் முன்னாள் பிக்கு. ஆனால் அவர் அந்தப் பெயரில் தோன்றவில்லை. நாயக்க வம்சத்தைச் சேர்ந்த துரைசாமி எனத் தம்மைக் கூறிக்கொண்டார். மூன்றாவது உறுப்புரை எந்த வம்சத்தை நாட்டுக்குள் வராமல் தடுத்ததோ, அந்த வம்சத்தின் பெயரே மக்களைத் திரட்டப் பயன்பட்டது. 1815 இல் மக்கள் கைவிட்டது ஒரு மன்னரையே, முடியாட்சியை அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1817 ஒக்டோபரில் பதுளையின் உதவி வதிவிடப் பிரதிநிதி சில்வெஸ்ரர் வில்சன் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க ஊவாத் திசாவையான கெப்பட்டிப்பொல 500 பேருடன் அனுப்பப்பட்டார். அவர் கிளர்ச்சிக்காரருடன் சேர்ந்து அவர்களின் தலைவரானார். பிரவுண்றிக் கொழும்பை விட்டுக் கண்டிக்கே வந்து தங்கிப் போரை நேரில் நடத்தினார்.

இப்போது நிலைமையைச் சீர்தூக்கிப் பாருங்கள். நுழைவது அல்ல, தங்கியிருப்பதே கடினம் என்றோம். 1815 இல் மக்கள் ஒதுங்கி நின்றமையால் அந்தக் கடினம் வெளிப்படவில்லை. 1817 இல் அது முழுமையாக வெளிப்பட்டது. எங்கும் சிதறியிருந்த காவல் நிலைகள், மறிக்கப்பட்ட பாதைகள், காய்ச்சல், திடீரெனத் தாக்கி மறையும் எதிரி. திட்டமிடலிற் சிறந்த தளபதிக்கு வரைபடத்திற் குறிக்கத்தக்க எதிரிப் படை ஒன்று இல்லை. கிராமமே எதிரியாக இருந்தது.

பிரவுண்றிக் தெரிந்தெடுத்த வழி கொடியது. உணவுப் பாதையைக் காக்க முடியாதபோது எதிரியின் உணவையே அழிப்பது. 1818 இல் இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. வீடுகள் எரிக்கப்பட்டன. நெல் அழிக்கப்பட்டது. பயன்தரு மரங்கள் வெட்டப்பட்டன. கால்நடைகள் கொல்லப்பட்டன. குளங்களும் வாய்க்கால்களும் சிதைக்கப்பட்டன. வீடொன்றை மீளக் கட்ட ஓர் ஆண்டு போதும். குளத்தையும் அதைப் பராமரித்த குடிகளையும் அவ்வாறு மீட்க முடியாது. வெல்லசப் பிரதேசம் பல தலைமுறைகள் வறுமையில் கிடந்ததற்கு இதுவே பிரதான காரணம். சென்னையிலிருந்தும் மேலதிகப் படைகள் வந்து சேர்ந்தன. கிளர்ச்சித் தலைவர்களுக்குள் பிளவு ஏற்பட்டது. வில்பாவே நாயக்க இளவரசர் அல்லர் என்பது அம்பலமாயிற்று. ஒக்டோபர் இறுதியில் கெப்பட்டிப்பொல பிடிபட்டார். கிளர்ச்சிக்காரர் கொண்டு சென்றிருந்த புனித தந்தமும் பிரித்தானியர் கைக்குத் திரும்பியது. நவம்பரில் கெப்பட்டிப்பொலவும் மடுகல்லவும் சிரச்சேதம் செய்யப்பட்டனர்.

இழப்புகளைப் பற்றி அன்று இலங்கையில் இருந்த இராணுவ மருத்துவர் ஜோன் டேவி 1821 இல் வெளியிட்ட நூலில் மதிப்பீடு தருகிறார். பிரித்தானியர் தரப்பில் ஏறத்தாழ 1,000 பேர். கண்டியர் தரப்பில் 10,000 பேருக்குக் குறையாது என்பது அவரது கணிப்பு. (1803 இல் சிறைப்பட்ட மேஜர் டேவி வேறு, இவர் வேறு. விடைத்தாளில் இருவரையும் ஒருவராக்கிவிட வேண்டாம்.)

1818 நவம்பர் 21 ஆம் திகதிப் பிரகடனம் 1815 ஒப்பந்தத்தின் பொருளை மாற்றிவிட்டது. பிரதானிகள் பிரித்தானிய அதிகாரிகளுக்குக் கீழ்ப்பட்டவர்களாயினர். அவர்களின் வருமானமும் நீதி அதிகாரமும் குறைக்கப்பட்டன. நெல் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரியாக விதிக்கப்பட்டது. விசுவாசமாக இருந்த சில பகுதிகளுக்குச் சலுகை வழங்கப்பட்டது. பௌத்தத்திற்கு வழங்கிய பாதுகாப்போடு ஏனைய சமயங்களுக்கும் பாதுகாப்பு உண்டு எனச் சேர்க்கப்பட்டது. ஒப்பந்தம் இரு தரப்பார் கையொப்பமிட்டது. பிரகடனமோ ஒரு தரப்பார் விடுத்தது. இவ்வேறுபாட்டை ஒரு வசனத்தில் எழுதினாலே உங்கள் விடை ஏனையோரின் விடையிலிருந்து வேறுபட்டு நிற்கும்.

பின்னர் நடந்தவை

பிரவுண்றிக் 1819 இல் ஜெனரல் தரத்துக்கு உயர்ந்து, 1820 பெப்ரவரியில் இலங்கையை விட்டு நீங்கினார். 1833 இல் காலமானார். கொழும்பு - கண்டி வீதியை அமைத்தவர் இவரே எனச் சில மாணவர் எழுதுவதுண்டு. அது அவருக்குப் பின் ஆட்சிக்கு வந்த எட்வேர்ட் பார்ன்ஸின் காலத்துப் பணி. பார்ன்ஸும் ஒரு தளபதியே. இரு கிளர்ச்சிக்கு இடையில் வீதி இல்லாத மலைநாட்டை ஆள்வது எவ்வளவு செலவானது என்பதை 1818 கற்பித்திருந்தது.

எகலப்பொலவும் தப்பவில்லை. சந்தேகத்தின் பேரில் 1818 இல் கைதான அவர் விசாரணையின்றியே தடுத்து வைக்கப்பட்டு, 1825 இல் மொரிசியசுக்கு அனுப்பப்பட்டு, 1829 இல் அங்கே இறந்தார். டொயிலி 1824 வரை கண்டியில் வதிவிடப் பிரதிநிதியாகவே இருந்து காலமானார்.

பொருட்களின் பயணத்தையும் சற்று அறிந்து வையுங்கள். கண்டி மன்னரின் சிம்மாசனம் இங்கிலாந்துக்குச் சென்று 1934 இல் திரும்பியது. மன்னரின் சிங்கக் கொடி இலண்டன் செல்சீ இராணுவ வைத்தியசாலையில் இருந்தமை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. பின்னர் தேசியக் கொடிக்கு அதுவே அடிப்படையாயிற்று. கெப்பட்டிப்பொலவின் மண்டையோடு எடின்பரோவிலிருந்து 1954 இல் கொண்டுவரப்பட்டது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் கிடைத்த அழகிய தாரா தேவி சிலையை பிரவுண்றிக் 1830 இல் பிரித்தானிய நூதனசாலைக்கு வழங்கினார். அது இன்னும் திரும்பவில்லை. 1818 இல் துரோகிகள் எனப் பிரகடனப்படுத்தப்பட்ட தலைவர்களின் பெயரிலிருந்த அக்களங்கம் 2017 இல் அரசினால் நீக்கப்பட்டது.

பயிற்சி வினாக்கள்

1. 1803 இலும் 1815 இலும் பிரித்தானியர் கண்டி நகருக்குள் நுழைந்தனர். முதலாவது தோல்வியாகவும் இரண்டாவது வெற்றியாகவும் முடிந்ததற்கான மூன்று காரணங்களை விளக்குக. (ஆயுதபலம் என்ற ஒரு காரணத்தை மட்டும் எழுதுவதைத் தவிர்க்கவும்.)

2. 1815 இல் எட்டுப் படைப்பிரிவுகளும் புறப்பட்ட இடங்களை இலங்கைப் புறவரிப் படத்தில் குறித்துப் பெயரிடுக. மெதமகாநுவர, பதுளை ஆகியவற்றையும் அதே படத்தில் குறிக்க.

3. 1815 ஒப்பந்தத்திலும் 1818 பிரகடனத்திலும் பிரதானிகளின் நிலை எவ்வாறு கூறப்பட்டுள்ளது என ஒப்பிடுக.

4. கெப்பட்டிப்பொல 1815 இல் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். 1817 இல் கிளர்ச்சியில் சேர்ந்தார். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவையா? இரண்டு ஆண்டுகளுக்கிடையில் மாறியது எது என்பதை ஆதாரங்களுடன் உமது சொந்த வசனங்களில் எழுதுக.